ஒரு டன்னும் ஒற்றைக் குழாயும்

கத்திரி வெயில் மத்தியானம் மூன்று மணி. திருமுல்லைவாயிலில் நாங்கள் வாடகைக்குக் குடியிருக்கும் வீடு மேல்தளத்தில் இருக்கிறது. படுக்கையறை பத்துக்குப் பன்னிரண்டு. அதன் மூலையில் சக்கரம் வைத்த போர்ட்டபிள் ஏ.சி. ஒன்று காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. முதுகிலிருந்து துதிக்கை மாதிரி ஒரு குழாய் எழுந்து வெண்டிலேட்டர் வழியாக வெளியே போயிருந்தது. ஏ.சி.யின் நெற்றியில் 20 என்று எரிந்தது. மேஜைமேல் இருந்த வெப்பமானியோ 30க்குக் கீழே இறங்குவேனா என்றது. எதிரே கையை நீட்டினால் ஜில்லென்று காற்று வந்தது. காற்று ஜில்லென்று இருக்கிறது, அறை ஆறவில்லை. இது எப்படி?

சாமி அலமாரியிலிருந்து ஓர் ஊதுவத்தியை எடுத்துக் கொளுத்தி, மூடிய கதவின் அடியிடுக்கில் பிடித்தேன். புகை மேலே எழவில்லை. தரையோடு படுத்து அறைக்குள் பாய்ந்தது. ஜன்னல் சட்டத்தின் விளிம்பிலும் அப்படியே. பாத்ரூம் கதவருகே கொண்டுபோனேன், அங்கே இன்னும் வேகம். ஏ.சி.யை நிறுத்தியதும் புகை ஒழுங்குப் பிள்ளையாக நேரே மேலே போயிற்று.

எத்தனை டன் வாங்குவது, ஏன் குளிரவில்லை, ஏன் தண்ணீர் நிறைந்து நின்றுபோகிறது, எதைத் துடைப்பது, எதற்கு மெக்கானிக்கைக் கூப்பிடுவது என்று இந்த யந்திரத்தைப் பற்றி எந்தக் கேள்வியை எடுத்தாலும், அந்தப் புகை போன திசையில் போனால்தான் பதில் கிடைக்கிறது. ஒரு கோடையும் கொஞ்சம் பணமும் செலவழித்த பிறகு எனக்குப் புரிந்தது இது.

முதலில், இதை ஏன் வாங்குகிறோம்? அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் வந்ததிலிருந்து, சென்னை-திருவள்ளூர் நெடுஞ்சாலையான சி.டி.எச். ரோட்டின் இருபுறமும் வேலைக்காகக் குடிவந்தவர்களின் ஊர்தான். ஆவடி டாங்கித் தொழிற்சாலை, ராணுவ ஆய்வுக்கூடங்கள், பட்டறைகள், இந்தப் பக்கம் பெண்கள் தொழிற்பேட்டை. மாற்றலில் வருகிறவர், பிள்ளையின் பள்ளிக்காக வீடு மாறுகிறவர், பதினோரு மாத ஒப்பந்தத்தில் இருக்கிறவர் என்று வாடகைக் குடித்தனங்களுக்குக் குறைவில்லை. ஸ்பிளிட் ஏ.சி. மாட்ட வேண்டுமானால் சுவரில் மூன்று அங்குலத்துக்கு ஓட்டை போட வேண்டும், வெளியே இரும்புத் தாங்கி அடிக்க வேண்டும். "சுவத்துல ஓட்டை மட்டும் போடாதீங்க சார், மத்தபடி உங்க வீடு மாதிரி வச்சுக்கங்க" என்றார் எங்கள் ஹவுஸ் ஓனர் அம்மா. காலி செய்யும்போது கழற்றக் கூலி, புது வீட்டில் மாட்டக் கூலி, செம்புக் குழாய் நீளம் போதாவிட்டால் அதற்குத் தனி. போர்ட்டபிள் அப்படியில்லை. முப்பது கிலோ சுமார், இரண்டு பேர் பிடித்தால் டாடா ஏஸில் ஏறிவிடும். அந்தச் சுதந்திரத்துக்குத்தான் விலை கொடுக்கிறோம். விலை எவ்வளவு என்பது பில்லில் தெரியாது, பின்னால்தான் தெரியும்.

'டன்' என்ற சொல்லைக் கடையில் எல்லோரும் சொல்கிறோம். ஏ.சி. ஒரு டன் எடை என்று நினைத்தவர்களும் உண்டு. அது ஐஸ் கணக்கு. அமெரிக்க டன்னான 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோ ஐஸ், ஒரு நாள் முழுக்க உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ அதுதான் ஒரு டன் குளிர்ச்சி. மணிக்கு 12,000 பி.டி.யு., நம் கணக்கில் சுமார் 3,500 வாட். ஐஸ் கட்டியை வைத்து அளந்த காலத்தின் மிச்சம் சென்னையிலேயே நிற்கிறது. பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடர் அமெரிக்க ஏரிகளில் உறைந்த பனியை வெட்டிக் கப்பலில் ஏற்றி அனுப்ப, அதைச் சேமித்து விற்க 1842இல் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். கடல் தாண்டி வந்த அந்த ஐஸ் வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உருகிக்கொண்டேதான் வந்திருக்கும். ஏற்றியது ஓர் அளவு, இறங்கியது வேறு. போர்ட்டபிள் ஏ.சி.யின் டன்னும் அதே ஜாதி.

ஸ்பிளிட் ஏ.சி.யில் அறையின் காற்று அறைக்குள்ளேயே சுற்றும். உறிஞ்சிய வெப்பத்தைக் கேஸ் சுமந்துகொண்டு வெளியே போய் அங்கே இருக்கும் பெட்டியில் இறக்கிவைக்கும். காற்று கலப்பதேயில்லை. போர்ட்டபிளில் இரண்டு பெட்டிகளும் ஒரே உடம்பில், அதுவும் அறைக்கு நடுவே. வெப்பத்தை இறக்கிவைக்கும் பாகமான கண்டென்ஸர் சூடேறும், அதை ஆற்றுவதற்குக் காற்று வேண்டும். அந்தக் காற்றை எங்கே எடுக்கும்? அறையிலிருந்துதான். நாம் காசு கொடுத்துக் குளிர்வித்த காற்றில் ஒரு பகுதியை உறிஞ்சி, கண்டென்ஸர்மேல் ஊதி, சூடாக்கிக் குழாய் வழியாக வெளியே தள்ளிவிடும். போன காற்றுக்கு ஈடாக வேறு காற்று வந்தாக வேண்டும். கதவிடுக்கு, ஜன்னல், பாத்ரூம், சுவிட்ச் போர்டின் பின்னால் இருக்கும் ஓட்டை என்று கிடைத்த வழியெல்லாம் அது நுழையும். ஊதுவத்திப் புகை சொன்னது அதைத்தான்.

இதை எண்களில் போட்டுப் பார்த்தால்தான் உறைக்கும். என் அறை பத்தடி உயரம், மொத்தம் 1,200 கன அடி, 34 கன மீட்டர். குழாய் மணிக்கு 300 கன மீட்டர் காற்றை வெளியேற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம், இந்த வகை யந்திரங்களுக்கு அது மிகையான அளவல்ல. அப்படியானால் ஏழு நிமிடத்துக்கு ஒரு தடவை அறையின் காற்று முழுக்க வெளியே போய், தெருக்காற்று முழுக்க உள்ளே வருகிறது. வெளியே 36 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம். அந்தக் காற்றில் கிலோவுக்கு 19 கிராம் நீராவி இருக்கும். 27 டிகிரியில் சுகமாக இருக்கும் அறைக்காற்றில் 11 கிராம். மணிக்கு 340 கிலோ காற்று நுழைந்தால் கிலோவுக்கு 8 கிராம் வீதம் இரண்டே முக்கால் லிட்டர் தண்ணீரைக் கூடுதலாக அறைக்குள் கொண்டுவந்து கொட்டுகிறது என்று அர்த்தம். சூட்டையும் ஈரத்தையும் சேர்த்து அந்தக் காற்றைச் சமாளிக்க மட்டும் ஏறத்தாழ 2,600 வாட் குளிர்ச்சி போய்விடும். ஒரு டன்னில் முக்கால் பங்கு!

இப்போது அறையின் சொந்தச் சூடு. வெயிலில் காய்ந்த கான்கிரீட் தளம் சுமார் 700 வாட் இறக்கும். மேற்குச் சுவர் 300, ஜன்னல் 300, இரண்டு ஆட்கள் 230, ஃபேன் டி.வி. வகையில் நூறு சொச்சம். கூட்டினால் 1,700க்குள் அடங்கும், அரை டன்தான். அதாவது காற்றை வெளியே கொட்டாத யந்திரமாக இருந்தால் இந்த அறைக்கு ஒரு டன்னே தாராளம். குழாய் இருப்பதால் தேவை 4,300 வாட், கையில் இருப்பது 3,500. அதனால்தான் நெற்றியில் 20 என்று எரிந்தாலும் அறை 29, 30இல் போய் உட்கார்ந்துவிடுகிறது. யந்திரம் பழுதில்லை. கணக்கு பழுது.

ராத்திரியில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். வெப்பம் 30க்கு இறங்கும், ஆனால் ஈரப்பதம் 75க்கு ஏறிவிடும். கிலோவுக்கு நீராவி அதே 20 கிராம். ஆக, குழாய்க்குக் கொடுக்கும் வரி ராத்திரியிலும் ஏறக்குறைய அவ்வளவேதான். ராஜஸ்தான்காரர் இப்படிப் புலம்ப மாட்டார், அங்கே கோடையில் காற்று வறண்டிருக்கும். கடலோரத்துக்காரர்களின் சோதனை இது. அதிலும் மேற்குப் புறநகருக்கு இரண்டு பக்கமும் இடி: கடற்காற்று மெரினாவுக்கு மதியம் வந்தால் நம் பக்கம் எட்டிப்பார்க்க சாயங்காலம் ஆகிவிடும், வரும்போது புழுக்கத்தையும் கையோடு கூட்டிவரும். நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான 2003 மே 31ஐ நினைவிருக்கிறவர்கள் அன்றைக்கு அம்பத்தூர் ஏரிக்கு இந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று சொல்வார்கள். இந்த ஊர்ச் சாமியே வருடம் முழுக்கச் சந்தனக் காப்பில் இருக்கிறவர். மாசிலாமணீசுவரருக்கு அதைக் களைவது சித்திரை சதயத்தில் மட்டும்தான். தொண்டைமான் மன்னனின் வாள் பட்ட காயத்துக்காக என்பது தலபுராணம். கத்திரியில் வியர்த்து நிற்கும்போது எனக்கு வேறு காரணமும் தோன்றும்.

இந்தக் கோளாறை அமெரிக்கர்கள் முன்பே கண்டுகொண்டார்கள். கதவிடுக்கில் வரும் காற்றையும் குழாயிலிருந்து கசியும் சூட்டையும் கழித்துத் திறனைச் சொல்ல வேண்டும் என்று அந்நாட்டு எரிசக்தித் துறை 2016இல் புதிய சோதனை முறையைக் கொண்டுவந்தது. பழைய கணக்கில் 14,000 பி.டி.யு. என்று பெருமையடித்த யந்திரங்கள் புதிய கணக்கில் 10,000க்கும், பல அதற்கும் கீழேயும் இறங்கின. அந்தக் கணக்கே நமக்குப் பொருந்தாது. வெளியே 28 டிகிரி இருக்கும் நிலைக்கு 80 சதவீதமும், 35 டிகிரி இருக்கும் நிலைக்கு 20 சதவீதமும் மதிப்புக் கொடுத்துச் சராசரி எடுக்கிறார்கள். 28 டிகிரி என்பது நமக்கு மார்கழி மத்தியானம். எனவே கடையில் ஒற்றைக் குழாய் யந்திரத்தின் அட்டையில் ஒரு டன் என்று இருந்தால் மனசுக்குள் அரை டன் என்று படித்துக்கொள்வது நல்லது. 120 சதுர அடிக்கு ஒரு டன் என்ற கடைக்காரர் வாய்பாடு ஸ்பிளிட்டுக்குச் சொன்னது. போர்ட்டபிளுக்கு அதையே ஒப்பித்தால் 60, 70 சதுர அடிக்கு மேல் நம்ப வேண்டாம். ஒன்றரை டன் வாங்கினால் தீருமா என்றால் அதுவும் முழுக்கத் தீராது. பெரிய யந்திரத்துக்குப் பெரிய மின்விசிறி, அது வெளியே தள்ளும் காற்றும் கூடுதல்.

இரட்டைக் குழாய் யந்திரம் இதற்குச் சரியான மருந்து. ஒரு குழாயில் வெளிக்காற்றை எடுத்து, கண்டென்ஸரை ஆற்றி, மறு குழாயில் அதையே வெளியே விட்டுவிடும். அறைக்காற்று அறையிலேயே இருக்கும். நம் ஊர்க் கடைகளில் நான் பார்த்ததெல்லாம் ஒற்றைக் குழாய்தான். அட்டைப் பெட்டியை வெட்டிப் பின்பக்கச் சல்லடையில் ஒட்டி இரண்டாவது குழாய் செய்கிற கைவினைஞர்களும் இருக்கிறார்கள். வாரண்டி போகும், காற்று திணறினால் கம்ப்ரஸரும் போகும். ஆசையாகத்தான் இருந்தது, விட்டுவிட்டேன்.

இதற்குள் இன்னொரு ஏமாற்று நடக்கிறது. தண்ணீர் ஊற்றி, யு.எஸ்.பி. வயரில் ஓடும் கையடக்க டப்பாக்களையும் போர்ட்டபிள் ஏ.சி. என்றே விற்கிறார்கள். குழாய் இல்லையென்றால் ஏ.சி. இல்லை, அவ்வளவுதான். அறையின் வெப்பம் வெளியே போக வழி வேண்டுமே. அவை ஏர்கூலரின் குட்டிகள். ஏர்கூலரைக் கேவலமாகச் சொல்லவில்லை. மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசும் கத்திரி முற்பகலில், ஜன்னலைத் திறந்து வைத்தால், நன்றாகவே வேலை செய்யும். கடற்காற்று வந்ததும் அதே கூலர் அறையைக் குளியலறை ஆக்கிவிடும்.

வாங்கியாகிவிட்டது என்றால் அடுத்த போராட்டம் ஜன்னல். பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் பலகை, பக்கவாட்டில் நகரும் ஜன்னலுக்காகச் செய்தது. புது அபார்ட்மெண்டில் அது பொருந்தும். இங்கே தனிவீடுகளில் வெளிப்பக்கம் திறக்கும் மரக்கதவு ஜன்னல், உள்ளே நாலு அங்குலத்துக்கு ஒரு கம்பி. குழாயின் விட்டம் ஐந்து, ஆறு அங்குலம். கம்பிக்கு நடுவே யானை நுழையாது. கம்பியைத் தொட ஓனர் சம்மதிக்க மாட்டார். குழாயின் வாயைக் கம்பிமேல் சாய்த்துவைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தபடி விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளியே தள்ளிய சூடு அடுத்த நிமிடமே அதே ஜன்னலில் திரும்பி வரும். நான் செய்தது வெண்டிலேட்டர் வழி. அதன் கண்ணாடிப் பட்டைகளைக் கழற்றிப் பத்திரமாக எடுத்துவைத்துவிட்டு, அந்த அளவுக்கு ஒரு பிளைவுட் பலகை வெட்டி, குழாய்க்கு வட்டம் போட்டு, விளிம்பைச் சுற்றி ஃபோம் டேப் ஒட்டினேன். தச்சர் அரை மணியில் முடித்துவிட்டார். காலி செய்யும்போது கண்ணாடிப் பட்டைகள் பழையபடி ஏறிவிடும், ஓனருக்கும் மனக்குறை இல்லை.

வெண்டிலேட்டர் உயரத்தில் இருப்பதால் குழாய் ஒன்றரை மீட்டர் முழுக்க நீண்டு நின்றது. உள்ளே 50 டிகிரிக்குக் குறையாத காற்று ஓடுகிறது, மெல்லிய பிளாஸ்டிக், தொட்டால் சுடும். அந்தக் குழாய் நூறு வாட்டுக்கு மேல் அறைக்குள்ளேயே திருப்பிக் கக்குகிறது, கூடுதலாக ஒருவர் வந்து படுத்துக்கொண்டது போல. யந்திரத்தை உறுதியான சிறு மேஜைமேல் ஏற்றிக் குழாயைப் பாதியாகச் சுருக்கினேன். வெள்ளித்தாள் ஒட்டிய ஃபோம் ஷீட்டை அதன்மேல் சுற்றினேன். நான் செய்த செலவுகளில் மிகவும் பலன் கொடுத்த நூற்றைம்பது ரூபாய் அதுதான். குழாயை நீட்டுவதும், டிரையர் குழாயை வாங்கி ஒட்டுவதும், இரண்டு மூன்று இடத்தில் மடக்குவதும் கூடாது. காற்று வெளியேறத் திணறினால் கண்டென்ஸர் சூடாகி, பாதுகாப்பு ஸ்விட்ச் கம்ப்ரஸரை நிறுத்திவிடும்.

உள்ளே வரும் காற்றை நிறுத்த முடியாது, எங்கிருந்து வர வேண்டும் என்று மட்டும் நாம் தீர்மானிக்கலாம். பாத்ரூம் கதவடியில் துணி வைத்து அடைத்தேன். இல்லாவிட்டால் தரைச் சல்லடையில் தண்ணீர் காய்ந்திருக்கும் நாளில் செப்டிக் டாங்க் வாடையே படுக்கைக்கு வரும், வந்தது. கீழ்வீட்டு மீன் வறுவலும் வந்தது, அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பாத்ரூமில் கேஸ் கீசர் இருக்கும் வீட்டில் இந்த உறிஞ்சல் ஆபத்து. எரிந்த புகை வெளியே போவதற்குப் பதில் அறைக்குள் இழுக்கப்படும், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது. கீசர் எரியும் நேரத்தில் ஏ.சி. ஓடவே கூடாது. ஜன்னல்களை அடைத்துவிட்டு ஹால் பக்கக் கதவிடுக்கை விட்டுவைப்பதுதான் உள்ளதில் நல்ல வழி. ஹால் நிழலில் இருப்பதால் நாலு டிகிரி குறைவாக இருக்கும். ஆனால் அங்கேயும் ஈரம் அதேதான், அதனால் பெரிய லாபம் எதிர்பார்க்க வேண்டாம்.

கரண்ட். ஒரு டன் போர்ட்டபிள் சுமார் 1,300 வாட் இழுக்கும், ஆறு ஆம்பியருக்குக் கொஞ்சம் கீழே. சாயங்காலம் எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓடி வோல்டேஜ் 180க்கு இறங்கும்போது ஏழு ஆம்பியர் ஆகும். டேபிள் ஃபேன் போடும் பிளக்கில் செருகினால் முதல் வாரம் ஒன்றும் தெரியாது, பிறகு பிளக் பழுப்பேறும், வாடை வரும். 16 ஆம்பியர் பிளக்கும் அதற்கென்று தனி வயரும், நல்ல எர்த்தும் கட்டாயம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. வீட்டு இன்வெர்ட்டரில் ஓடாது, முயற்சிக்கவும் வேண்டாம். மின்கட்டணத்தில்தான் முன்னே சொன்ன பின்விலை தெரியும். அறை 20க்கு இறங்கவே போவதில்லை என்பதால் கம்ப்ரஸர் ஓய்வே எடுக்காது. தினம் எட்டு மணி நேரம் என்றால் பத்தரை யூனிட், இரண்டு மாதத்தில் 620க்கு மேல், ஏ.சி.க்கு மட்டும். வீடுகளுக்கு 100 யூனிட் இலவசம் என்று ஆரம்பிக்கும் நம் இருமாதக் கட்டணத்தில், 500ஐத் தாண்டினால் சலுகை விலை கழன்று கணக்கே மாறிவிடுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு டன் 5 ஸ்டார் இன்வெர்ட்டர் ஸ்பிளிட்டின் லேபிளில் 1,600 மணி நேரத்துக்கு 500, 550 யூனிட் என்று போட்டிருப்பார்கள். லேபிள் கணக்கு கொஞ்சம் சாதகமானதுதான். இருந்தாலும் அதே மணி நேரத்துக்கு என் யந்திரம் 2,000 யூனிட்டைத் தாண்டும்.

ரிப்பேர் விஷயத்துக்கு வருகிறேன். குளிரவில்லை என்று ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். வந்தார், கையை நீட்டிப் பார்த்தார், இரண்டு நிமிடம் ஆகவில்லை.

"கேஸ் இறங்கிடுச்சு சார். ஃபில் பண்ணா ரெண்டாயிரத்து ஐந்நூறு ஆவும்."

"பிரிச்சே பார்க்கலையே தம்பி?"

"பார்த்தாலே தெரியும் சார்."

கேஸ் பெட்ரோல் இல்லை, ஓட ஓடத் தீர்ந்துபோவதற்கு. எங்காவது ஒழுகினால்தான் குறையும். ஸ்பிளிட்டில் நட்டுப் போட்டு முறுக்கிய மூட்டுகள் உண்டு, அங்கே ஒழுகலாம். போர்ட்டபிளில் எல்லா மூட்டும் தொழிற்சாலையிலேயே பற்றவைத்தது. கேஸ் ஏற்றும் வால்வு கூடப் பெரும்பாலும் இருக்காது, குழாயை வெட்டி மறுபடி பற்றவைக்க வேண்டும். அதனால் இந்த வகையில் கேஸ் சந்தேகம் கடைசியாக வர வேண்டியது, முதலில் வருகிறது. வீட்டிலேயே சோதிக்கலாம். யந்திரம் இருபது நிமிடம் ஓடிய பிறகு, காற்றை இழுக்கும் சல்லடையில் ஒரு வெப்பமானி, குளிர்க்காற்று வரும் வாயில் ஒன்று. எட்டிலிருந்து பன்னிரண்டு டிகிரி வித்தியாசம் இருந்தால் கேஸ் நலம். அதைவிட எளிய சாட்சி தண்ணீர். தாம்பாளம் தாம்பாளமாகத் தண்ணீர் வருகிறது என்றால் உள்ளே காயில் குளிர்கிறது என்றுதானே பொருள்? அந்தத் தம்பியிடம் வாளியைக் காட்டினேன். "ஈரப்பதம் ஜாஸ்தி சார்" என்றார். அதைத்தான் நானும் சொன்னேன்.

உண்மையிலேயே குளிர்ச்சி குறைந்தால் ஃபில்டர், குழாய், காயில், வோல்டேஜ் என்ற வரிசையில் போக வேண்டும். காயிலில் பனி படிந்திருந்தால் அதன் இடத்தைக் கவனியுங்கள். பரவலாக வெள்ளையாகப் படிந்தால் ஃபில்டர் அடைத்திருக்கிறது. ஒரு மூலையில் மட்டும் படிந்து மீதி காய்ந்திருந்தால் அப்போது கேஸைச் சந்தேகிக்கலாம். கம்ப்ரஸர் உறுமிவிட்டு நின்றால் வோல்டேஜ் பார்க்க வேண்டும். நின்றதும் உடனே போடக்கூடாது, மூன்று நிமிடம் பொறுக்க வேண்டும். எர்த் லீக்கேஜ் ட்ரிப் ஆனால் ஈரம் எங்கோ மின்பாகத்தைத் தொடுகிறது, விளையாடாமல் ஆளைக் கூப்பிடுங்கள். பல்லி ஒன்று போர்டுக்குள் ஊர்ந்து உயிரையும் விட்டு ஃபியூஸையும் கொண்டுபோவது நம் ஊரின் தனிச்சிறப்பு. கேஸ் வேலை நிஜமாகவே தேவைப்பட்டால் லேபிளைப் படித்துக் காட்டிவிட்டுச் செய்யச் சொல்லுங்கள். ஆர்-290 என்றிருந்தால் அது புரோப்பேன், சமையல் கேஸின் உறவு. ஆர்-32வும் ஓரளவு எரியும். படுக்கையறையில் வைத்துப் பற்றவைக்கும் சமாசாரமே இல்லை.

தண்ணீர் நிறைந்து நிற்பதுதான் இங்கே நித்திய புகார். காயிலில் சொட்டும் நீரைக் கண்டென்ஸர்மேல் தெளித்து ஆவியாக்கிக் குழாயோடு அனுப்பிவிடும்படிதான் இவற்றைச் செய்திருக்கிறார்கள். "தண்ணீரை எடுத்து வெளியே கொட்ட வேண்டாம்" என்று விளம்பரம் சொல்வது அதைத்தான். கதவிடுக்கில் மணிக்கு இரண்டே முக்கால் லிட்டர் நுழையும் ஊரில் அது எப்படி முடியும்? அடித்தொட்டி நிறைந்ததும் ஏதோ ஓர் எழுத்தைக் காட்டிவிட்டு, கம்பெனிக்குக் கம்பெனி எழுத்து வேறு, நடுராத்திரி நின்றுவிடும். அடியில் இருக்கும் ரப்பர் மூடியைக் கழற்றி, மெல்லிய குழாய் மாட்டி, பாத்ரூமுக்குச் சரிவாக விட்டுவிடுவதே நிம்மதி. நான் மேஜைமேல் ஏற்றியதில் அந்தச் சரிவும் தானாகக் கிடைத்தது. இந்தத் தண்ணீர் டிஸ்டில்டு வாட்டர் மாதிரி என்று இன்வெர்ட்டர் பேட்டரியில் ஊற்றுகிறவர்கள் உண்டு. காயிலின் தூசும் உலோகமும் கலந்த நீர் அது, பேட்டரிக்கு ஆகாது. கறிவேப்பிலைச் செடிக்கு ஆகும்.

பராமரிப்பு பெரிய வித்தையில்லை. சி.டி.எச். ரோடு தூசிக்கும், பக்கத்து மனையில் நடக்கும் கட்டட வேலைக்கும் ஃபில்டரைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை குழாயடியில் காட்டினால் போதும். நிழலில் காயவைத்துத்தான் திரும்ப மாட்ட வேண்டும். காயில் தகடுகளைப் பழைய பல்துலக்கியால் மேலிருந்து கீழாக மட்டும் வருட வேண்டும். ஈரத்துணி வாடை வந்தால் அணைக்கும் முன் அரை மணி ஃபேனில் மட்டும் ஓட்டுங்கள். வண்டியில் ஏற்றி வந்தால் படுக்கவைக்காதீர்கள். படுத்து வந்திருந்தால் ஒரு நாள் நிமிர்த்தி வைத்த பிறகுதான் ஸ்விட்ச். கம்ப்ரஸரின் எண்ணெய் அடியில் வந்து சேர நேரம் வேண்டும்.

யாருக்கு இது சரி, யாருக்குச் சரியில்லை? சொந்த வீடு, சுவர் நம்முடையது என்றால் யோசிக்கவே வேண்டாம், ஸ்பிளிட். வாடகை வீட்டில் ஜன்னல் சட்டம் ஒத்துவந்தால், எல்லோரும் மறந்துபோன விண்டோ ஏ.சி. இதைவிட நூறு மடங்கு மேல். பின்பாதி வெளியே இருப்பதால் காற்றைத் திருடாது. மேல்தளமும் வேண்டாம், மேற்குச் சுவரும் வேண்டாம், நடுத்தளத்தில் சிறிய அறை, ஒற்றை ஆள் என்றால் போர்ட்டபிள் சமாளிக்கும். இடுப்பு எலும்பு முறிந்து கட்டிலில் இருக்கும் பாட்டிக்கோ, நாலு மாதத்தில் மாற்றல் வரப்போகிறவருக்கோ குறை சொல்ல முடியாது. அறையைக் குளிர்விக்கும் யந்திரமாக நினைக்காமல் ஆளைக் குளிர்விக்கும் யந்திரமாக வைத்துக்கொண்டால் சண்டை தீர்ந்துவிடும். கட்டிலை நகர்த்தி அதன் வாய்க்கு நேராகப் போட்டோம். 20ஐ விட்டு 26க்கு வைத்தோம். மேலே ஃபேனைப் போட்டதும் இரண்டு மூன்று டிகிரி குறைந்தது போல உடம்புக்குத் தோன்றியது.

ஆனால் அதிகம் மாற்றியது மொட்டைமாடிதான். முதலில் சாயங்காலம் தளத்தில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். 2019 ஜூலையில் இதே ரயில் பாதையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்குத் தண்ணீர் ரயில் வந்ததைப் பார்த்தவனுக்கு வாளியைக் கவிழ்க்கக் கை வரவில்லை. தளத்துக்கு வெள்ளையடிக்கலாமா என்று ஓனர் அம்மாவிடம் கேட்டேன், கட்டடத்துக்கும் நல்லது என்று பூச்சுக்கூலியை அவரே ஏற்றுக்கொண்டார். இரண்டு பூச்சு வெள்ளைச் சுண்ணாம்பு. ராத்திரி பத்து மணிக்கும் தோசைக்கல்லாக இருந்த உட்கூரை, தொட்டால் வெதுவெதுப்பு என்று சொல்லும் அளவுக்கு இறங்கியது. ஏ.சி. போடாத அறைகளுக்கும் அதில் பங்கு கிடைத்தது.

ஐப்பசி மழைக்கு முன் யந்திரத்தைக் கட்டிவைக்க வேண்டும். அடித்தொட்டியில் ஒரு சொட்டும் இல்லாமல் வடிக்க வேண்டும், இல்லாவிட்டால் டெங்குக் கொசுவுக்கு நாமே தொட்டில் கட்டியது போல. குழாயைக் கழற்றி, பலகையின் வட்டத்தை அடைக்க வேண்டும், சாரல் அதன் வழியாகத்தான் அடிக்கும். முதல் வருடம் குழாயை மறந்து அப்படியே விட்டுவிட்டேன். சித்திரை பிறந்து முதன்முதல் ஸ்விட்ச் போட்டதும் பத்தே நிமிடத்தில் நின்றுபோனது. மறுபடி போட்டேன், மறுபடி நின்றது. அந்தத் தம்பியின் நம்பரைத் தேடக் கை போனை எடுத்துவிட்டது. பிறகு ஏணி வைத்து ஏறி, குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். வெளிமுனையின் பிளாஸ்டிக் பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டியாக மூடியிருந்தன. குளவி கூடு கட்டியிருந்தது.